சித்திரையிலும் குளிருகிறதா?



சென்ற இதழில் முடி கொட்டுவதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றைப் படித்ததும் கொஞ்சம் பயந்துவிட்டேன். அவசரம் என்பதால் அந்தச் சகோதரிக்கு அன்றைக்கே பதில் போட்டாகிவிட்டது. ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்று தோன்றுகிறது. அதனால் இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அவருக்கு வயது 29. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. பிரசவம் ஆன எட்டாம் மாதத்தில் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்து, டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். ஆனாலும் குளிர் போகவில்லை, அசதி போகவில்லை, முடியும் கொட்டுகிறது. இந்தச் சமயத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த நாத்தனார் நாலு பாட்டில்களைக் கொடுத்திருக்கிறார். ஒன்று கடல்பாசி மாத்திரை, ஒன்று செலினியம், ஒன்று முடிக்கான பயோட்டின், ஒன்று மாட்டின் தைராய்டு சுரப்பியை உலர்த்திய பொடி. கூடவே ஒரு யோசனையும் சொன்னாராம்: "தினம் காலையில் எழுந்திருக்குமுன் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார். 98.6 வரும் வரை இதையெல்லாம் கூட்டிக்கொண்டே போ. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிடலாம்."

இவரும் ஒரு நோட்டில் 24 நாள் எழுதிவைத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். முதல் பன்னிரண்டு நாள் 97, 97.1 என்று வருகிறது. பதின்மூன்றாம் நாள் பாட்டில்களை ஆரம்பித்திருக்கிறார். இரண்டு நாளில் 97.7, 97.8 என்று ஏறிவிட்டது. ஒரே சந்தோஷம்! "ஆனால் நாலைந்து நாளாக நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது. இது உடம்பு சரியாவதன் அறிகுறிதானே? அடுத்த குழந்தைக்கும் ஆசைப்படுகிறோம், மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?" என்று கேட்கிறார்.

நிறுத்தவே கூடாது, சகோதரி. ஏன் என்று சொல்கிறேன்.

கழுத்தில் ஒரு சின்ன அடுப்பு

தைராய்டு என்பது தொண்டைக்கு முன்னால், வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்தாற்போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி. எடை 20 கிராம் அளவுதான். உடம்பில் எந்த வேலை எவ்வளவு வேகத்தில் நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது இதுதான். அடுப்பில் தீயைக் குறைத்து வைத்தால் சாதம் வேகத் தாமதமாகிறது அல்லவா, அப்படித்தான் இதன் சுரப்பு குறைந்தால் எல்லாமே மந்தமாகிறது. குடல் மந்தமானால் மலச்சிக்கல். இதயத் துடிப்பு குறைகிறது. தோல் வறண்டுபோகிறது. மாதவிலக்கில் உதிரம் அதிகம் போகிறது. முகம் ஊதி, குரல் கரகரக்கிறது. வைத்த சாமான் வைத்த இடத்தில் ஞாபகம் இருப்பதில்லை. உடம்பு சூட்டை உண்டாக்கும் வேலையும் குறைவதால்தான் குளிர். சித்திரை வெயிலில் வீட்டுக்காரர் மின்விசிறியை வேகமாக வை என்பார், நாம் போர்வையைத் தேடுவோம்!

இந்தச் சுரப்பி பெரும்பாலும் டி-4 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பு அதைத் தேவைக்குத் தக்கபடி டி-3 ஆக மாற்றிக்கொள்கிறது. இவ்வளவு சுரந்தது போதுமா, போதாதா என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கவனித்துக்கொண்டே இருக்கிறது. போதாவிட்டால் டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனை அனுப்பி, "இன்னும் சுர, இன்னும் சுர" என்று விரட்டுகிறது. அதனால்தான் தைராய்டு குறையும்போது ரத்தத்தில் டி.எஸ்.எச். ஏறுகிறது. சுமார் 0.4 முதல் 4 வரை சரியான அளவு. பரிசோதனைக்கூடத்துக்குக் கூடம் கொஞ்சம் மாறும். கர்ப்பிணிக்குக் கணக்கு வேறு.

இது நம்மைப்போன்ற பெண்களுக்குத்தான் பல மடங்கு அதிகம். 1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர், உடம்பின் காவல் சக்தியே தைராய்டைத் தாக்கும் வியாதியை முதன்முதல் விவரித்து எழுதினார். அவர் பார்த்த நாலு நோயாளிகளும் பெண்கள்தான். பிரசவமான ஒரு வருஷத்துக்குள் வரும் தைராய்டு கோளாறு ஒன்றும் உண்டு. சிலருக்கு அது தானாகச் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும். "பிள்ளை பெற்றவள் எல்லாரும் இப்படியா சுருண்டு படுக்கிறாள்?" என்று சொல்லும் மாமியார்களே, தயவுசெய்து மருமகளை ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். சோம்பல் என்று நினைத்தது வியாதியாக இருக்கலாம். தைராய்டு சரியாக இருந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலும் இதே குளிர், இதே அசதி வரும்.

தெர்மாமீட்டர் சொல்வதும் சொல்லாததும்

நாத்தனார் சொன்ன முறை புதிதல்ல. ப்ரோடா பார்ன்ஸ் என்ற அமெரிக்க டாக்டர் 1942-ல் எழுதியது. காலையில் படுக்கையிலேயே பத்து நிமிஷம் அக்குளில் வைத்துப் பார்த்து, 97.8-க்குக் கீழே இருந்தால் தைராய்டு குறைவு என்று சந்தேகிக்கலாம் என்றார். அந்தக் காலத்துக்கு அது தப்பான யோசனை இல்லை. ஏனென்றால் டி.எஸ்.எச். பரிசோதனை 1960-களின் நடுவில்தான் வந்தது. இன்று அது இருக்கும்போது தெர்மாமீட்டரை மட்டும் நம்பி ஹார்மோன் சாப்பிடுவது சரியல்ல.

98.6 என்ற எண்ணும் கல்வெட்டு அல்ல. வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய டாக்டர் 1868-ல் வெளியிட்ட கணக்கு அது. 1992-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமானவர்களை அளந்து பார்த்ததில் சராசரி 98.2 தான் வந்தது. அதுவும் வாயில் அளந்தது. அக்குளில் அளந்தால் அரை டிகிரி, ஒரு டிகிரி குறைவாகவே காட்டும். விடியற்காலையில் எல்லோருக்கும் உடம்பு சூடு குறைவுதான். ஆகவே காலையில், அக்குளில், 97 சொச்சம் என்றால் நல்ல தைராய்டு உள்ளவருக்கும் அது வரும்.

இன்னொன்றும் உண்டு. கருமுட்டை வெளிவந்த பிறகு, அடுத்த மாதவிலக்கு வரை பெண்ணின் உடம்பு சூடு அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை கூடியே இருக்கும். அந்தச் சகோதரி மாதவிலக்கின் மூன்றாம் நாள் நோட்டை ஆரம்பித்ததாக எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் பக்கத்தில் பாட்டில், பதினைந்தாம் பக்கத்தில் சூடு ஏற்றம். பாட்டில் இல்லாவிட்டாலும் அந்தத் தேதியில் ஏறியிருக்கக் கூடியதுதான்!

ஆனால் நெஞ்சு படபடப்புக்கும் கை நடுக்கத்துக்கும் மாதச் சக்கரத்தைக் காரணம் சொல்ல முடியாது. அதற்கு நான் சந்தேகப்படுவது அந்தச் சுரப்பிப் பொடியைத்தான்.

நாலு பாட்டில்களையும் பார்ப்போம்

*சுரப்பிப் பொடி.* அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் பத்து வகை தைராய்டு பாட்டில்களைப் பரிசோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பதில் டி-3 இருந்தது, ஐந்தில் டி-4 இருந்தது. அதாவது சத்து மாத்திரை என்று நினைத்து விழுங்குவது ஹார்மோன். ஏற்கனவே டாக்டர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இது இரட்டை அளவாகிவிடும். ஹார்மோன் அதிகமானால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும், நாளடைவில் எலும்பும் தேயும். நாற்பதைத் தாண்டிய நமக்கு எலும்பு எவ்வளவு முக்கியம்!

*கடல்பாசி.* இதில் அயோடின் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும் என்பது உண்மை. பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். இமயமலைச் சரிவில் கழுத்துக் கழலை அதிகமாக இருந்ததால், 1956-ல் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்துப் பார்த்து, கழலை குறைவதை நிரூபித்தார்கள். 1962-ல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று நம் வீட்டுக்கு வரும் அயோடின் உப்பில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும். அதைச் சமையலில் சேர்க்கிறவருக்குக் கடல்பாசி மாத்திரை தேவையில்லை. ஹஷிமோட்டோ வியாதி உள்ளவருக்கு அளவுக்கு மீறிய அயோடின் சுரப்பை இன்னும் குறைத்தும்விடும்.

ஒரு வார்த்தை: இப்போது பல வீடுகளில் இந்துப்புக்கு மாறிவிட்டார்கள். அதில் அயோடின் சேர்ப்பதில்லை என்றால் பாக்கெட்டில் பார்த்தாலே தெரியும். வளரும் குழந்தைகளும் கர்ப்பிணியும் உள்ள வீட்டில் அயோடின் உப்பே நல்லது. அதை மூடி போட்ட ஜாடியில், அடுப்புச் சூடும் ஈரமும் படாமல் வையுங்கள்.

*செலினியம்.* கொஞ்சம்தான் தேவை, அது சாப்பாட்டிலேயே கிடைக்கும். நாளைக்கு 400 மைக்ரோகிராமைத் தாண்டினால் நகம் உடையும், முடி கொட்டும். எதற்காகச் சாப்பிட ஆரம்பித்தாரோ, அதுவே அதிகமாகும்!

*பயோட்டின்.* இது தைராய்டைக் கெடுக்காது, ஆனால் பரிசோதனையைக் கெடுக்கும். பெரிய அளவில் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால், சில முறைகளில் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும் டி-4 அதிகமாகவும் காட்டும். டாக்டர் அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டால்? குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். எத்தனை நாள் என்று பரிசோதனைக்கூடத்தில் கேட்டுக்கொள்ளவும்.

நம் ஊர்ப் பொருளும் ஒன்று உண்டு. அமுக்கராச் சூரணம் சிலருக்குத் தைராய்டு ஹார்மோனைக் கூட்டிவிடுவதுண்டு. நாட்டு மருந்து என்பதால் சொல்லாமல் விடாதீர்கள். சாப்பிடுவது எதுவானாலும் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

"அப்படியானால் டி-3 மாத்திரையையே தனியாகச் சாப்பிட்டால் சூடு ஏறாதா?" என்றும் சிலர் கேட்கிறார்கள். 1990 வாக்கில் அமெரிக்காவில் ஒரு டாக்டர், ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் உடம்பு சூடு குறைவாக இருந்தால் டி-3 கொடுக்கலாம் என்று ஒரு முறையைப் பரப்பினார். அமெரிக்கத் தைராய்டு சங்கம் அதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. டி-3 வேகமாக ஏறி வேகமாக இறங்கும். இதயத்துக்கு அது பாரம். ஒரு சிலருக்குச் சுரப்பி நிபுணர் டி-4 உடன் டி-3 சேர்த்துக் கொடுப்பது உண்டு, அது அவர் கண்காணிப்பில் நடப்பது. குழந்தை வேண்டும் என்பவருக்கு அதுவும் ஆகாது. முதல் மாதங்களில் கருவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் டி-4 தான் போய்ச் சேர வேண்டும்.

மாத்திரை சாப்பிடும் விதம்

மாத்திரை சாப்பிட்டும் குளிரும் அசதியும் போகவில்லை என்றால், புதுப் பாட்டிலைத் தேடுமுன் சாப்பிடும் விதத்தைப் பாருங்கள். பத்து வருஷமாக இந்த மாத்திரையோடு குடித்தனம் நடத்துகிறவள் என்பதால் சொல்கிறேன்:

காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். அதன்பின் முக்கால் மணி, ஒரு மணி நேரம் எதுவும் வேண்டாம். காபியும் கூடாது! டிகாக்ஷன் வாசனை வந்துவிட்டால் நமக்குப் பொறுக்காது, தெரியும். அதனால் நான் கோலம் போடப் போகுமுன் மாத்திரையை விழுங்கிவிடுவேன். கோலம், பால், குளியல் எல்லாம் முடியும்போது மணி சரியாக இருக்கும். காலை தோதுப்படாதவர்கள் இரவுச் சாப்பாடாகி மூன்று மணி கழித்துச் சாப்பிடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு.

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் இதை உடம்பில் சேரவிடாது. நாலு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் கொடுப்பார்கள். தைராய்டு காலையில், கால்சியம் மதியச் சாப்பாட்டோடு, இரும்பு இரவில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் தைராய்டு மாத்திரை பாதி வீண்.

மாத்திரை பாட்டிலைக் குளியலறையிலோ அடுப்பு மேடையிலோ வைக்காதீர்கள். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அதற்குமுன் பார்ப்பது காசுக்குக் கேடு. ரத்தம் கொடுத்துவிட்டு அன்றைய மாத்திரையைச் சாப்பிடுங்கள். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், மரவள்ளிக் கிழங்கு எல்லாம் விஷம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வேகவைத்து, அளவோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

ஆட்டுக்கு நன்றி

ஆயுசு முழுக்க மாத்திரையா என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சரித்திரம். 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசில் ஊரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டரிடம் 46 வயது அம்மாள் ஒருவர் வந்தார். முகம் ஊதி, பேச்சும் நடையும் மந்தமாகி, குளிர் தாங்காமல், வெளி மனிதரைப் பார்க்கவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். அதுவரை இந்த வியாதிக்கு மருந்தே கிடையாது. மர்ரே ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து சாறு எடுத்து ஊசி போட்டார். சில வாரங்களில் அந்த அம்மாள் பழைய மனுஷியானார்! அதன்பின் 28 வருஷம், தம் 74-ஆம் வயதில் 1919-ல் காலமாகும் வரை, சாறு சாப்பிட்டே வாழ்ந்தார். அதற்கு 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி வேண்டியிருந்தது. 1914-ல் கெண்டல் என்பவர் தைராக்ஸினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1927-ல் ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். நம் கையிலிருக்கும் கடுகளவு மாத்திரை அதன் வாரிசு. அளவு துல்லியம், விலையும் அதிகமில்லை. அதை விட்டுவிட்டு அளவு தெரியாத பொடிக்குத் திரும்புவது 1891-க்குத் திரும்புவதுதான்.

கடைசியாக மூன்று விஷயம்

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். "மூன்று மாதம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னாலும், டாக்டரிடம் மட்டும் மறைக்கக் கூடாது. கர்ப்பத்தில் மாத்திரையின் தேவை கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூடும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே ஒருமுறை டி.எஸ்.எச். பார்த்துவிடுவது இன்னும் உத்தமம்.

குழந்தை பிறந்த இரண்டு, மூன்று நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உலகில் 2000 முதல் 4000 குழந்தைக்கு ஒன்று இந்தக் குறையோடு பிறக்கிறது, நம் நாட்டில் இன்னும் அதிகம். பிறந்தபோது முகத்தைப் பார்த்துத் தெரியாது. முதல் சில வாரத்திலேயே மருந்து ஆரம்பித்தால் குழந்தை மற்றப் பிள்ளைகள்போல் படித்து வளரும். தாமதித்தால் மூளை வளர்ச்சி குன்றிவிடும்.

தெர்மாமீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். தைராய்டு உள்ள வயதான பாட்டி மாத்திரையை விட்டுவிட்டு, மார்கழிக் குளிரில் எந்நேரமும் தூங்கி வழிந்து, குழறிப் பேசி, தொட்டால் சில்லென்று இருந்தால் உடனே வைத்துப் பாருங்கள். 95-க்குக் கீழே இருந்தால் கஷாயம் போட்டுக்கொண்டு காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். அது உயிருக்கே ஆபத்தான கட்டம். சூடு 95-க்கு மேலே காட்டினாலும் தூக்கமும் குழறலும் இருந்தால் தாமதிக்கக் கூடாது.

அடுத்த இதழில் கால்சியம் பற்றிப் பேசுவோம். கேழ்வரகு, பால், மாத்திரை எதில் எவ்வளவு என்று கேட்டு ஏற்கனவே கடிதங்கள் வந்திருக்கின்றன. உங்கள் கேள்விகளையும் எழுதுங்கள்.